செபமாலையைக் கண்டு நிமிர்ந்த கண்கள்

எலியாவின் கதை எங்களில் கனபேருக்குத் தெரியும். ஈசபேல் அரசி உயிரெடுக்கத் தேடுகிறாள். மனுசன் ஓடிப்போய் ஓரேபு மலைக் குகைக்குள் இருந்துகொண்டு, நான் ஒருத்தன்தான் மிச்சம் எண்டு கடவுளிட்ட முறையிடுறார். பாகாலுக்கு முழந்தாள் மடக்காத 7000 பேர் இருக்கினம் எண்டு பதில் வருது. அந்த 7000 பேரில் ஒருவரின் பெயரும் விவிலியத்தில் இல்லை. எலியாவுக்கே அவர்களைத் தெரியாது.

இவர்களைத்தான் விவிலியம் 'எஞ்சியோர்' என்கிறது. எசாயாவின் மகனுடைய பெயருக்கே 'எஞ்சியோர் திரும்பி வருவர்' என்றுதான் பொருள். இந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள நாங்கள் இஸ்ரயேல்வரை போகத் தேவையில்லை. பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சில்லாலைக்குப் போனால் போதும்.

1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு மறைவிடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் பிரசங்க மண்டபங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் அவர்களுடைய பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டைப் பார்த்தால் குடாநாடு முழுக்கச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்தான்!

ஏறத்தாழ முப்பது வருசம் நிரந்தரமாகக் குருவில்லை, ஒழுங்கான பூசையில்லை. ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்தது.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் நோய். இங்கே கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. அதனால் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டதும் யாருடைய கண் நிமிருது எண்டு பார்த்தார். அப்படித்தான் ஆட்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை அவருடைய தளமானது. பூசை இரவில் நடந்தது.

1689 நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்தனர். பலர் பிடிபட்டுத் தண்டனை அனுபவித்தனர். அடிகளார் தப்பி, அடுத்த வருசம் கண்டி இராச்சியத்துக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் ஆக்கினார்.

அடிகளார் சில்லாலைக்கு விசுவாசத்தைக் கொண்டுவரேல்லை. அது அங்கே ஏற்கெனவே இருந்தது. முப்பது வருசம் அதைக் காத்தது பெயர் தெரியாத அம்மாமார், அப்புமார், வீட்டுச் செபம். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும், பதிவேட்டில் இருந்த பெருந்தொகைக் கிறிஸ்தவர்கள் கரைந்துபோனார்கள். சில்லாலை கரையவில்லை.

ஆனால் இதோடு கதையை முடித்தால் நாங்கள் நேர்மையாக இருக்கமாட்டோம். ஒல்லாந்தருக்கு முன்னர் ஆண்ட போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள். அந்நியர் ஆட்சியில் சைவர்கள் விரதச் சாப்பாட்டை ஒளித்துச் சாப்பிட்டு, வாழையிலையைக் கூரை இறப்பில் செருகினதை எங்கட ஊர்களில் இன்னும் சொல்லுவினம். செபமாலையை ஒளித்த கைக்கும் இலையை ஒளித்த கைக்கும் இருந்த பயம் ஒண்டுதானே?

உரோமையர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் எலியாவின் கதையைத் திரும்ப எடுக்கிறார். எஞ்சியிருப்பது தங்கள் செயலால் அல்ல, அருளால்; ஆகவே பெருமை பேச இடமில்லை என்கிறார். நாங்கள்தான் மிச்சம், மற்றவை எல்லாம் கெட்டுப்போச்சினம் எண்டு சொல்லுறவைக்கு அந்த அதிகாரத்தில் ஆதாரம் கிடைக்காது.

1995 இடப்பெயர்வு, புலம்பெயர்வு எல்லாத்துக்கும் பிறகு, ஊரில ஒருத்தருமில்லை எண்டு நாங்களும் அடிக்கடி சொல்லுறம். எலியாவும் அப்படித்தான் சொன்னார். அவருடைய கணக்கு 7000 பேரால் பிழைத்தது.