பேரன்

பெயரன் என்பதே நாவழக்கில் மருவிப் பேரன் என்றாயிற்று. பாட்டனாரின் நாமத்தைத் தாங்கி வருபவன் என்பது அதன் தாத்பரியம். பெயர்த்தி அவ்வாறே பேத்தியானாள். யாழ்ப்பாணத்தார் பாட்டனாரையே பேரன் என்று சொல்வது, பெயர் ஈந்தவரும் ஏற்றவரும் ஒருவரே என்ற பழைய பாவனையின் சேஷம் போலும். மாமனார் பெயரை வாயால் சொல்லலாகாத மருமகள், அப்பெயர் பூண்ட மதலையை ‘ஐயா’ என்றழைத்துச் சமாளித்த சாமர்த்தியம் தனிக்கதை.

தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் என்னும் இச்சம்பிரதாயம், வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் விளையாடிய காலத்தில் யாதொரு சங்கடமும் விளைவிக்கவில்லை. ஜனத்தொகை குன்றாதிருக்கப் பெண்ணொருத்திக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் வேண்டுமென்பது ஜனத்தொகை வல்லுநர் கணக்கு. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 1.8தான். ஆதலால், ஒற்றைப் பிள்ளை பிறந்த வீட்டில், ஆயுள் விருத்தியும் தேக திடமும் வாய்த்த இரு பாட்டன்மாரும் தத்தம் உரிமையோடு எதிரெதிரே வீற்றிருக்க, நட்சத்திரத்துக்கு ஜோசியர் குறித்த எழுத்தில் தொடங்கும் ஏதோவொரு வடநாட்டுப் பெயர் வந்து அவ்வழக்கைத் தீர்த்துவைக்கிறது.