குற்றாலத்துக்குக் கிராம்பு வந்த கதை: சாரல் ஊருல தோட்டம் போடுறவங்களுக்கு

சாரல் சீசன் ஆரம்பிச்சா போதும், சென்னை, பெங்களூருல இருந்து ஒரே மாதிரி கேள்வி வந்துரும். "அண்ணாச்சி, மலை அடிவாரத்துல ஒரு ரெண்டு ஏக்கர் பாத்திருக்கோம். குளுகுளுன்னு இருக்கு, நல்ல மழை. பெர்மாகல்ச்சர் முறையில தோட்டம் போடணும். எப்படி டிசைன் பண்ணுறது?"

நான் கன்னடியன் கால்வாய்த் தண்ணியில நெல்லும் வாழையும் போடுறவன். மலைத் தோட்டம் என் தொழில் இல்லை. ஆனா எங்க சீமையில ரொம்ப முன்னாலயே இந்தச் சோதனையைச் செஞ்சு பாத்துட்டாங்க. ஒண்ணு குற்றாலத்துல, இன்னொண்ணு மாஞ்சோலையில. ரெண்டும் தாமிரபரணியில வந்து சேருற தண்ணியோட மலைகள்தான். இந்த ரெண்டு கதையும் தெரிஞ்சா பாதி டிசைன் தெரிஞ்ச மாதிரி.

சாரல் எங்கிருந்து வருது?

குற்றாலம் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான ஊர் இல்லை. மலையோட காலடியில கிடக்குற ஊர். அப்புறம் எப்படி அந்தக் குளிர்ச்சி? மேற்குத் தொடர்ச்சி மலையில செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவுல ஒரு கணவாய் இருக்கு. கேரளத்துல கொட்டுற தென்மேற்குப் பருவமழையில மிச்சம் மீதி அந்த வாசல் வழியா இந்தப் பக்கம் நுழையுது. ஆனி, ஆடியில திருநெல்வேலி டவுன்ல அனல் காத்து அடிக்கும்; அறுபது கிலோமீட்டர் மேற்கே போனா சட்டை நனையும். அந்தத் தண்ணிதான் சிற்றாறா ஓடி சீவலப்பேரிக்கிட்ட தாமிரபரணியில சேருது.

எங்க கார் சாகுபடியும் இதை நம்பித்தான். எங்க வயல்ல ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனா பொதிகையில மழை பெஞ்சு ஆத்துல தண்ணி வரும், நாங்க நாத்துப் பாவுவோம். மழை ஒரு இடம், விளைச்சல் ஒரு இடம். மேல தோட்டம் போடுறவர் இதை முதல்ல மனசுல வச்சுக்கிடணும்.

கம்பெனிக்காரன் கொண்டுவந்த செடி

ஒரு காலத்துல உலகத்துக்கே கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியாப் பக்கத்து மலுக்குத் தீவுகள்ல இருந்துதான் வந்துச்சு. அம்பொன் தீவுல கிராம்பு, பண்டா தீவுல ஜாதிக்காய். டச்சுக்காரன் அதைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தான். தான் சொன்ன இடம் தவிர வேற எங்க கிராம்பு மரம் நின்னாலும் படகுல ஆள் அனுப்பி வெட்டிப் போட்டான். விலை இறங்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். 1770 வாக்குல பியர் புவாவ்ர்ங்கிற பிரெஞ்சுக்காரர் ஏற்பாட்டுல கன்னுகளைக் கடத்தி மொரீசியஸ் தீவுல வளர்த்தாங்க. 1796-ல இங்கிலீஷ்காரன் அம்பொனையும் பண்டாவையும் பிடிச்சான். உடனே கிறிஸ்டோபர் ஸ்மித்துங்கிற தாவரவியல்காரரை அனுப்பி, ஆயிரக்கணக்குல கன்னுகளைக் கப்பல்ல ஏத்தி கம்பெனி ஆளுகைக்குள்ள இருந்த ஊர்களுக்கு அனுப்ப வச்சான்.

அந்தக் காலத்துலதான், 1800 வாக்குல, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துல வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. இந்தியாவுல கிராம்பு முதல்ல வேர் பிடிச்ச இடம் அதுதான்னு சொல்லுதாங்க.

அந்த வருசங்களைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1799 அக்டோபர்ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801-ல பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினாங்க. அதே வருசம் கர்நாடக நவாப்கிட்ட இருந்து மொத்தச் சீமையையும் கம்பெனி எழுதி வாங்கிக்கிட்டுது. கிழக்கே கோட்டையை இடிச்சிக்கிட்டு, மேற்கே கிராம்புக் கன்னு நட்டிருக்கான். வந்தவன் நினைப்பு தோட்டம் இல்லை, வியாபாரம். ஆனா செடிக்கு அந்த நினைப்பெல்லாம் தெரியாது. இடம் ஒத்துக்கிட்டா வளரும், இல்லைன்னா சாகும்.

செடிக்கு ஏன் இடம் பிடிச்சுது?

இதுதான் முக்கியம். கிராம்பு நம்ம நாவல் மரத்தோட சொந்தக்காரன். ரெண்டும் ஒரே பேரினம்னு தாவரவியல்காரங்க சொல்லுதாங்க. குற்றால மலையில நாவல் வகை மரங்கள் ஏற்கெனவே நிக்குது. மேற்கு மலைக் காடுகள்ல காட்டு ஜாதிக்காய் உண்டு, காட்டு லவங்கப்பட்டை உண்டு, மிளகுக்குப் பிறந்த வீடே இந்த மலைதான். அப்போ பண்டாவுல இருந்து வந்த செடி அந்நிய ஊருக்கு வரலை. ஒண்ணுவிட்ட சித்தப்பா வீட்டுக்குத்தான் வந்திருக்கு. 1830-கள்ல ராபர்ட் வைட்டுங்கிற வெள்ளைக்கார டாக்டர் பாளையங்கோட்டையில பட்டாளத்தோட இருந்தப்போ குற்றாலத்துல செடி செடியாச் சேகரிச்சார். அவருக்கு ரங்கையா, கோவிந்துன்னு நம்ம ஆட்கள் செடிப் படம் வரைஞ்சு கொடுத்தாங்க. அந்த மலையில என்ன நிக்குதுன்னு அச்சுப் புத்தகத்துல ஏறுனது இவங்க உழைப்பாலதான்.

குற்றாலநாதர் கோயிலோட தல மரம் குறும்பலா. சம்பந்தர் அந்தப் பலாவுக்கே தனியா ஒரு பதிகம் பாடியிருக்கார். கம்பெனி வர்றதுக்கு ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே அந்த மண்ணுல பலா தலைமரமா நின்னிருக்கு. இன்னைக்கும் இந்த மாதிரித் தோட்டத்துக்குப் பலாதான் மேல்குடை.

குற்றாலம் பக்கத்துத் தோட்டங்களை நின்னு கவனிச்சா அடுக்கு புரியும். உயரத்துல பலா, தென்னை, பாக்கு. அதுக்குக் கீழே கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான். மரத்தைப் பிடிச்சு ஏறுற மிளகுக்கொடி. காலடியில இஞ்சி, மஞ்சள். தரை முழுக்கச் சருகு. ஐந்தருவிக்கு மேல ஒரு அருவிக்குப் பேரே பழத்தோட்ட அருவி. சீசன்ல மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைகள்ல குவிச்சு வச்சிருக்கிறதை நீங்களே பாத்திருப்பீங்க.

தோட்ட வேலை பாக்குற அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட, "கிராம்புக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"னு கேட்டேன். "வேணும், ஆனா நிக்கக் கூடாது"ன்னார். அந்த ஒரு சொல்லுல சாரல் ஊர் விவசாயம் முழுக்க அடங்கிரும்.

எங்க சமவெளி ஆளுக்கு வரப்பு போட்டுத் தண்ணியைக் கட்டிப் பழக்கம். ராதாபுரம், சங்கரன்கோவில் மாதிரி வறண்ட பக்கம் குழி வெட்டி, மண்கரை போட்டு மழையைப் பிடிக்கிறது சரி. அதையே பாத்துட்டு மழை மலையில, செங்குத்துச் சரிவுல குறுக்கே பள்ளம் வெட்டி நிரப்புனா மண்ணு ஊறி, கனம் தாங்காம சரிவே இறங்கிரும். அங்க தண்ணியைப் பிடிக்கிறது வேலை இல்லை, மெதுவா நடக்க வச்சு வெளியே அனுப்புறதுதான் வேலை. கன்னை மேட்டுல நடணும். வடிகாலை ஓடைக்குச் சாய்வாக் கொண்டுபோகணும். மண்ணைக் கொத்திப் போடக் கூடாது; விடாத மழையில சத்து அடியில தங்காது, மேல கிடக்குற சருகுலதான் இருக்கும். சருகைக் கூட்டி எரிச்சா உரத்தை எரிச்ச மாதிரி.

அடுத்தது காத்து. கணவாய்க்கு நேரா இருக்கிற நிலத்துல ஆடிக் காத்து கன்னைப் பிடுங்கிப் போட்டுரும். மேற்குப் பக்கம் காத்துத்தடுப்பு மரம் நட்ட பிறகுதான் உள்ளே நல்ல மரம்.

மூணாவது, கோடை. மழை ஊருன்னா வருசம் முழுக்க மழைன்னு நினைக்காதீங்க. மாசி, பங்குனி, சித்திரையில அருவியே வத்திக் கிடக்கும். சின்னக் கன்னுக்கு அப்போ நிழலும் தண்ணியும் வேணும். அதுக்குத்தான் முதல் வருசங்கள்ல வாழை. நிழலும் ஆச்சு, வீட்டுச் செலவுக்குக் காசும் ஆச்சு.

நாலாவது, பொறுமை. கிராம்பு பூக்க ஏழு எட்டு வருசம் ஆகும். நாம வாங்குற கிராம்பு விரியாத மொட்டு. பச்சை மொட்டு லேசாச் சிவக்கும்போது கொத்தாப் பறிச்சு வெயில்ல காயவைக்கணும், விரிஞ்சா போச்சு. ஜாதிக்காயில ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதைக்கன்னு நட்டா பூக்குற வரைக்கும் எது என்னன்னு தெரியாது. ஆறேழு வருசம் வளர்த்த மரத்துல பாதி காய்க்காத மரம்னு அப்புறம் தெரியும். இப்போ ஒட்டுக்கன்னு கிடைக்குது. அந்தக் காலத்து ஆளுக்கு அதுவும் இல்லை. மங்குஸ்தானும் பத்து வருசம் காக்க வைக்கும். மூணு வருசத்துல போட்ட காசை எடுக்கணும்னு வர்றவருக்கு இது தோதுப்படாது.

கம்பெனி ஆட்சி 1858-ல முடிஞ்சுபோச்சு. மரங்கள் முடியலை. 1850-க்கு அப்புறம் கிராம்பு நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவுச்சு. இன்னைக்கு இந்தியாவுல கிராம்புன்னா கன்னியாகுமரி மாவட்டம்தான். மாறாமலைப் பக்கத்துக் கிராம்புக்குத் தனி மணம். கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது.

அதே மழை, வேற தோட்டம்

இப்போ தெற்கே வாங்க. மணிமுத்தாறுக்கு மேல மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டு மழைக்கணக்குல நாலுமுக்கும் ஊத்தும் அடிக்கடி முதல் வரிசையில வர்றதைச் செய்தியில பாத்திருப்பீங்க. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து சுமார் 8,370 ஏக்கரை 99 வருசக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனி எடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டாங்க. குளிர், மழை, சரிவு எல்லாம் தேயிலைக்குப் பொருத்தம்தான். பயிர் தோத்துப்போகலை.

ஆனா மலை முழுக்க ஒரே செடி, இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்ட ஒரே மட்டம். ஒரே கம்பெனி, ஒரே விலை. கொழுந்து பறிக்கிற கைக்கு அந்த மலையில ஒரு பலா மரம்கூடச் சொந்தம் இல்லை. 1999 ஜூலை 23-ல கூலி உயர்வு கேட்டும், சிறையில இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலிக்கு ஊர்வலம் வந்தாங்க. போலீஸ் அடிக்க, சனங்க ஆத்துக்குள்ள ஓடினாங்க. 17 பேர் செத்தாங்க; அதுல ஒண்ணரை வயசுப் பிள்ளையும் ஒண்ணு. தாங்க இருந்த மலையில இருந்து ஓடி வந்த அதே ஆத்துல.

அந்த நிலம் இப்போ புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. குத்தகை 2028-ல முடியணும். 2024-லயே கம்பெனி வேலையை முடிச்சு, தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வுன்னு தாளை நீட்டிட்டுது. நாலு தலைமுறையா மழையில நின்ன குடும்பங்க மலையை விட்டு இறங்கவேண்டிய நிலைமை. காடு திரும்புறது ஆத்துக்கு நல்லது, அதை எங்களைவிட யாரு சொல்ல முடியும்? ஆனா அந்தக் காட்டைத் திருத்தச் சொன்னவன் யாரு, இப்போ வெளியேறுறவன் யாருன்னு பாருங்க.

இது ரெண்டுக்கும் நடுவுல, பாபநாசத்துக்கு மேல சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழின்னு காணி மக்கள் குடியிருப்பு இருக்கு. மரவள்ளி, மிளகு, பலா, வாழைன்னு வீட்டைச் சுத்திக் கலந்து வச்சிருக்காங்க. அதுக்கு யாரும் டிசைன்னு பேர் வைக்கலை.

பெர்மாகல்ச்சர்ங்கிற சொல்லே 1978-ல, ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாவுல, பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் எழுதின புத்தகத்துல வந்தது. டாஸ்மேனியாவும் குளிரும் மழையும் உள்ள ஊருதான். இங்கிலாந்துல ஷ்ராப்ஷயர்ங்கிற குளிர்ப் பிரதேசத்துல ராபர்ட் ஹார்ட் ஏழடுக்குக் காட்டுத் தோட்டம் போட்டு எழுதினார். அவருக்கு வழிகாட்டினதுல நம்ம மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வீட்டுத் தோட்டமும் ஒண்ணு. இங்கிருந்து போன யோசனைதான் இப்போ ஆன்லைன் வகுப்பாத் திரும்பி வருது. படிங்க, தப்பில்லை. ஆனா ஷ்ராப்ஷயர்ல ஆப்பிள் வச்ச இடத்துல இங்க எதை வைக்கணும்கிறதுக்கு அந்த வகுப்புல பதில் கிடைக்காது.

அப்போ என்ன செய்யணும்?

நிலத்தை ஆடியில மட்டும் பாத்துட்டு வாங்காதீங்க. ஐப்பசி அடைமழையில ஒரு தடவை, பங்குனிக் காய்ச்சல்ல ஒரு தடவை போய்ப் பாருங்க. பக்கத்துக் காட்டுல என்ன மரம் நிக்குன்னு உள்ளூர் ஆளைக் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. அதோட சொந்தக்கார மரம் உங்க நிலத்துல வரும். காடாக் கிடக்குற இடத்தைத் தோட்டம் ஆக்காதீங்க. ஏற்கெனவே கெட்டுப்போன நிலமாப் பாத்து மரம் வைங்க. ஓடைக்கரையை விட்டுத் தள்ளி நடுங்க, ஓடையை மறிக்காதீங்க. கூட வேலை செய்யுற குடும்பத்துக்கு விளைச்சல்ல பங்கு வைங்க. பத்து வருசம் காத்திருக்கிற மரத்தைக் கூலிக்கு வர்ற கை காப்பாத்தாது, பங்குக்காரன் கைதான் காப்பாத்தும்.

உங்க வேலியோட உங்க தோட்டம் முடிஞ்சிராது. அங்க இருந்து வடியுற தண்ணிதான் அணைக்கட்டு தாண்டி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வயலுக்குப் போகுது. மேல நீங்க என்ன செஞ்சீங்கன்னு கீழ எங்க வாய்க்கால் தண்ணியோட நிறத்தைப் பாத்தே நாங்க சொல்லிருவோம்.