காஞ்சி வழியில் ரயிலும் கள்ளும்

ஆங்கில நாட்டுப்புறத்தில் கிளை ரயிலேறிச் சிற்றூரில் இறங்கி, அவ்வூர் மதுக்கடையில் அமர்ந்து கதைகேட்டுத் திரும்புவது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அத்தகைய பயணக் குறிப்பொன்றை வாசித்தபோது, தாமலில் வாழும் எனக்கு எங்கள் காஞ்சி வழியே நினைவில் எழுந்தது.

இவ்வட்டாரத்தின் ரயிலுக்கு வயது மிகுதி. இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் இருப்புப் பாதை அமைத்தது. பின்னர் அது மீட்டர் பாதையாகிச் செங்கல்பட்டு வரை நீண்டது, இன்று அகலப்பாதை. சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்தொடர் வண்டி திருமால்பூரில் தன் பயணத்தை முடிக்கிறது.

கள்ளின் வரலாறோ அதனினும் பழைது. பெரும்பாணாற்றுப்படையில், இளந்திரையனின் காஞ்சியை நோக்கி நடக்கும் பாணனுக்கு வலைஞர் குடியிருப்பில் விருந்து காத்திருக்கிறது. அரிசிக் களியை ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு வடித்த மது. உடன் சுட்ட மீன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில் காபாலிகனும் அவன் துணைவியும் தள்ளாடிச் செல்வது காஞ்சி நகரத்து மதுக்கடைக்கே. அரசனே எழுதிய எள்ளல் அது!

1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கள்ளுக்கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மூடின. 1981இல் மீண்டும் திறந்து 1987இல் மூடியவை பிறகு திறக்கவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரை மறந்து கள்ளைப் போற்ற நான் துணியேன். ஆயினும் 2003 முதல் சீமை வகை மதுவை அரசு நிறுவனமே சில்லறையில் விற்கும் மாநிலத்தில், மாநில மரமான பனையிலிருந்து கள் இறக்குவது குற்றம் என்பது விந்தையன்றோ?

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கைக்குப் பின் கிளைப்பாதைகள் பல மறைந்தன. ஊர் மதுக்கடைகளோ, நலிந்தாலும், இன்னும் இருக்கின்றன. மரபுவழி பீரைக் காக்க 1971இல் ஓர் இயக்கமே தோன்றியது. இங்கே நிலைமை தலைகீழ். ரயில் பிழைத்தது, கள்ளுக்கடை போயிற்று. அதைக் காக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதன் நினைவையாவது எழுதி வைத்தோமா என்பதே என் கேள்வி.

பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் 'டாஸ்மாக்' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். வழிப்போக்கனை வரவேற்ற ஒரு விருந்தை அவர்கள் அறிய வேறு சொல்லே இல்லை. பனையேறிய முதியவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இதுவே.