கஞ்சிக்குப் பின்

மகாகவி பாரதி நகர் எங்கே இருக்கிறது என்று வடசென்னையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் விழிப்பார்கள். 'எம்.கே.பி. நகர்' என்று கேட்டால் உடனே பஸ் நம்பரைச் சொல்லி, ஏற வேண்டிய இடத்தையும் காட்டிவிடுவார்கள். தமிழுக்காக மல்லுக்கட்டிய கவிஞரின் பெயர் மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களாகச் சுருங்கிவிட்டது. தெரிந்தால் மீசையை முறுக்கியிருப்பார். அது போகட்டும். நான் அங்கே போனது பாரதியைத் தேடி அல்ல, அத்தோ சாப்பிட.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சள் நிறத்து நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித் தண்ணீர், எண்ணெய் எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான வடையை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வியாசர்பாடி வட்டாரத்தில் சாயங்காலமானால் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். இந்தப் பண்டம் கடல் கடந்து வந்தது. இதைக் கொண்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவர முடிந்த சொத்துக்களில் இதுவும் ஒன்று. மற்றவை பெரும்பாலும் ரங்கூனிலேயே தங்கிவிட்டன.

தமிழர்கள் பர்மாவுக்குப் போன கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். லேவாதேவிக்குப் போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஒரு கோடி. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன ஏழைகள் மறு கோடி. நடுவில் சில்லறை வியாபாரிகள், குமாஸ்தாக்கள், தையற்காரர்கள். 1930களின் வியாபார மந்தத்தில் கொடுத்த கடன் திரும்பாமல், தென் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நிலத்தோடு பகையும் வந்தது. அந்தப் பகைக்கு விலை கொடுத்தவர்களோ, பெரும்பாலும் மூட்டை தூக்கினவர்கள்.

1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் செத்துப்போனவர்கள் பல்லாயிரம். 1952-ல் வந்த 'பராசக்தி' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை நினைவிருக்கும். ஆனால் அது யுத்தம் செய்த வேலை. யுத்தம் முடிந்ததும் பலர் திரும்பிப் போய்க் கடையைத் திறந்தார்கள்.

இரண்டாவது அடி அமைதிக் காலத்தில், சட்டத்தின் பேரால் விழுந்தது. 1962 மார்ச் 2-ந் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை சர்க்கார் எடுத்துக்கொண்டது. நேற்று வரையில் அப்பாவின் பெயர் இருந்த பலகையில் இன்றைக்கு 'மக்கள் கடை' என்று ஒரு நம்பர். மே 17-ந் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கல்லாப் பெட்டியும் போயிற்று. கல்லாவுக்குள் இருந்ததும் போயிற்று. பிறகு கப்பல் கப்பலாக மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சர்க்கார் கணக்குப்படி சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர்.

புயலும் வெள்ளமும் வீட்டைக் கொண்டுபோகும், ஊரை விட்டுவைக்கும். எதிர் வீட்டுக்காரர் இருப்பார், கடன் சொல்லிச் சாமான் வாங்கக் கடைக்காரர் இருப்பார். இவர்களுக்கு ஊரே போய்விட்டது. 'தாயகம் திரும்பியோர்' என்று சர்க்கார் காகிதத்தில் அழகாக எழுதினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிறந்தது பர்மாவில். அவர்களைப் பொறுத்த வரையில், தாயகத்தை முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறார்கள்!

துறைமுகத்திலிருந்து வியாசர்பாடி அதிக தூரம் இல்லை. தாழ்வான பூமி, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜ் ரயில் தண்டவாளங்கள், இன்னொரு பக்கம் அப்போது பின்னி ஆலை இருந்தது. இந்த இடத்தில் அகதிகளில் ஒரு பகுதியினர் வந்து குடியேறினார்கள். அங்கேதான், 1960களின் நடுவில், பாதிரியார் ஓர்ஃபேயோ மாந்தோவானி வந்து சேர்ந்தார். இத்தாலியர், டான் போஸ்கோ ஏற்படுத்திய சலேசிய சபையைச் சேர்ந்தவர். அவர் தொடங்கிய ஸ்தாபனத்துக்கு 'பியாட்டிட்யூட்ஸ்' என்று பெயர். மலைப் பிரசங்கத்தில் ஏசுநாதர் ஏழைகளுக்கும் துயரப்படுகிறவர்களுக்கும் சொன்ன பேறுகளைக் குறிக்கும் சொல் அது. பர்மாவிலிருந்து வந்தவர்கள், ஏற்கெனவே குடிசைகளில் இருந்தவர்கள், தொழுநோயாளிகள், ஆதரவற்ற கிழவர்கள், அநாதைக் குழந்தைகள் என்று யார் வந்தாலும் கதவு திறந்திருந்தது. 1967-ல் அவர் காலமானார். ஸ்தாபனம் நின்றுவிடவில்லை.

அந்த நாளில் அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண ஸ்தாபனத்தின் மூலம் பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் இந்தியாவெங்கும் மாதா கோவில் வாசல்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வரிசையை நான் மனசுக்குள் பார்க்கிறேன். ரங்கூனில் இருபது வருஷம் பிறருக்கு அரிசி நிறுத்துப் போட்ட ஒரு மனிதர் தம்ளருடன் நிற்கிறார். அண்டாவிலிருந்து பால் மொண்டு ஊற்றுகிற தொண்டருக்கு அவர் யார் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அண்டா காலியாவதற்குள் வரிசை முடிய வேண்டும், அதுதான் தொண்டரின் கவலை. ஆனால் தம்ளர் பிடித்திருக்கிறவரின் கவலை வேறு. பால் வேண்டும்தான். அதற்குப் பிறகு?

'பாதிரிமார் சும்மாவா செய்தார்கள், மதத்தில் சேர்க்கத்தானே?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கக் கூடாத கேள்வி அல்ல. 1956-ல் மத்தியப் பிரதேசத்தில் நியோகி கமிட்டி ஒரு பெரிய அறிக்கையே எழுதியிருக்கிறது. சேவை செய்தவர்களின் மனசுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. நான் அத்தோ சாப்பிட்ட வண்டியில் முருகன் படம் மாட்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்குக் கஞ்சி புதிதல்ல. 1780-ல் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் படையெடுத்து வந்தபோது கிராமங்கள் எரிந்து, ஜனங்கள் மதராஸை நோக்கி ஓடிவந்தார்கள். பின்னாலேயே பஞ்சம் வந்தது. 1782-ல் ராயபுரத்துப் பக்கத்தில் ஒரு மணியக்காரர் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தார். கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி ஆலயத்தாரும் அதற்குக் கை கொடுத்தார்கள். மணியக்காரர் சத்திரம் வெள்ளைக்காரர் வாயில் 'மனிகார் சவுல்ட்ரி' ஆயிற்று. அதோடு சேர்ந்து வளர்ந்த வைத்தியசாலைதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் அதை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள்.

அதே பஞ்சத்தில் தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் இருந்தார். ஜெர்மானியர்; 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தானியம் மலிவாக விற்ற காலத்திலேயே வாங்கிச் சேர்த்து வைத்திருந்து, பஞ்சத்தில் பசித்தவர்களுக்குப் போட்டார். இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. யுத்தம் ஓய்ந்தும் குடியானவர்கள் நிலத்துக்குத் திரும்பவில்லை. அரண்மனை அதிகாரிகளின் கொள்ளை வசூலுக்குப் பயந்து ஓடினவர்கள், 'விளைந்ததில் எங்கள் பங்கு எங்களுக்குக் கிடைக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?' என்று நின்றார்கள். ராஜா வாக்குக் கொடுத்தும் அசையவில்லை. ஸ்வார்ட்ஸ் தாம் பொறுப்பு என்றார். ஏழாயிரம் பேர் திரும்பிவந்து ஏர் பூட்டினார்கள். பருவம் தவறப்போகிறது என்று அவர் சொன்னதும் இரவும் பகலும் உழைத்தார்கள்.

டான் போஸ்கோவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டூரின் நகரத்துத் தெருப் பையன்களுக்குச் சோற்றோடு நிறுத்தவில்லை. செருப்புத் தைக்க, துணி தைக்க, மரம் இழைக்க, அச்சுக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சபையார் 1906-ல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் காலூன்றிய ஊர் தஞ்சாவூர் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

வியாசர்பாடியில் எல்லாவற்றையும் பாதிரியார்தான் செய்தார் என்று எழுதினால் அது பொய். சர்க்கார் வியாபாரக் கடன் கொடுத்தது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் 1969-ல் பர்மா பஜார் எழுந்தது. அதே வருஷம் தாயகம் திரும்பியோருக்கென்று ரெப்கோ வங்கியும் ஏற்பட்டது. கடனும் இடமும் கிடைத்துவிட்டால், கடை நடத்தத் தெரிந்தவனுக்கு வேறு யாரும் எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கடன் மனு நகர்வதற்கு நாளாகும். அதுவரையில் குழந்தைக்கு ஜுரம் வராமல் இருக்குமா? கிழவிக்குப் பசிக்காமல் இருக்குமா? மனுவுக்கும் உத்தரவுக்கும் இடையில் இருந்த அந்த நாட்களைத்தான் தொண்டர்கள் தூக்கிச் சுமந்தார்கள். அந்த நாட்களுக்கு எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

வண்டிக்காரரிடம், "நீங்கள் ரங்கூனில் பிறந்தவரா?" என்று கேட்டேன்.

"அப்பா சார். நான் இங்கேதான்" என்றார், நூடுல்ஸைப் பிசைந்துகொண்டே. "பர்மா பக்கமே நான் போனதில்லை."

"அப்புறம் இந்தக் கைப்பக்குவம்?"

"அது அம்மா."

அதற்குள் நாலு பையன்கள் வந்துவிட்டார்கள். அவர் என்னை மறந்து அவர்கள் தட்டுகளைக் கவனிக்கத் தொடங்கினார். நான் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.