நிலப்படத்தில் ஏறிய சுவடி

மொழிப்பரவல் நிலப்படம் ஒன்றைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் அச்சுக்கு அமைக்கையில் மூலை வெறுமையாக இருந்தது. படம் சேர்க்கும் கருவியால் ஓர் ஓலைச்சுவடி ஓவியத்தை அங்கே இட்டேன். உடனே ஜேம்ஸ் ரென்னல் நினைவுக்கு வந்தார்.

1782இல் அவர் வெளியிட்ட இந்துஸ்தான் நிலப்படத்தின் தலைப்பு அலங்காரத்தில், பண்டிதர்கள் தம் புனித நூல்களைப் பிரிட்டானியாவிடம் அளிக்கிறார்கள். அவள் அவற்றைத் தன் பாதுகாப்பில் ஏற்கிறாளாம்! வங்காள மக்களுக்காக 1781இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தலையிட்டதன் உருவகம் அது என்று ரென்னலே விளக்கம் எழுதினார். ஆறுகளும் ஊர்களும் அளந்தும் ஒப்பிட்டும் குறிக்கப்பட்டவை. அக்காட்சியோ எங்குமே நிகழாதது. ஆயினும் இரண்டும் ஒரே தாளில் அச்சேறும்போது, நில அளவையின் நம்பகம் ஓவியத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது.

என் நிலப்படத்தில் இருந்த மொழிகளுள் பல எழுதப்படாதவை. சுவடியை நீக்கிவிட்டேன்.