வெவெஸ்ஸவை யார் நாடகமாக்குவது?



சீனச் செஞ்சேனை 1934-35இல் நடந்த நெடும்பயணப் பாதையில் 2002இல் கலைஞர்கள் சிலர் புறப்பட்டார்கள். லூ ஜியே தொடங்கிய கலைத்திட்டம் அது. வழியிலிருந்த ஊர்களே அவர்களுக்குக் கண்காட்சி மண்டபம்.

நம் மலையகத்துக்கும் அப்படியொரு பாதை உண்டு. காலராவுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து முன்னோர் நடந்த பாதை. 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து, ஜூலை 28 தொடக்கம் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள்.

பதுளைக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1940இல் நம் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். சமசமாஜிகளின் சங்கம் பின்னால் நின்றது. தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள்; அதனோடு கலந்துபேசியே நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். துரை சொன்னதே சட்டமாக இருந்த காலம் அது! அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையும் பறித்துவிட்டார்கள். (எங்கள் ஊர்ச் சண்டியர்கள் கவனிக்க.)

என் வகுப்புப் பிள்ளைகள் மாவோவை அறிவார்கள், வெவெஸ்ஸவை அறியவில்லை. சொன்னதும், "நாடகமாகப் போடுவோமா சேர்?" என்றார்கள். அந்தத் தோட்டத்தில் பாட்டன், பாட்டி வேலை செய்த குடும்பங்கள் இருந்தால், கேட்ட கதையைக் கீழே எழுதுங்கள். சபையில் பெண்கள் இருந்தார்களா என்பதுதான் பிள்ளைகளின் முதல் கேள்வி.