ஜெயில் கேட்டை யார் செக் பண்றது?

மதுரை அரசரடி பக்கம் போனவங்களுக்கு அந்தச் சுவர் தெரியும். பேரு என்னவோ புது ஜெயில் ரோடு. சிறை கட்டினது 1865-ல. அலங்காநல்லூர்ல இருந்து டவுனுக்கு வந்துபோன எனக்கு அது சின்ன வயசுல இருந்து பழகின சுவர்.

2019 ஏப்ரல்ல அந்தச் சுவருக்குள்ள கஞ்சா, செல்போன் இருக்கான்னு சோதனை போட்டாங்க. அது தகராறாகி, கைதிகள் மேலே ஏறி ரோட்டுப் பக்கம் கல் வீசுற அளவுக்குப் போச்சு. எனக்கு அப்போ வந்த கேள்வி ஒண்ணுதான்: பொருள் எப்படி உள்ள போகுது?

பந்துக்குள்ள அடைச்சு சுவர் தாண்டி வீசலாம். கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றவர் உடம்புல மறைச்சுக் கொண்டு வரலாம். மனு பார்க்க வர்றவங்க கொடுத்துட்டுப் போகலாம். இதெல்லாம் அடிக்கடி செய்தியில வர்ற வழிகள். இன்னொரு வழி, மெயின் கேட்.

நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்றேன். 1894-ல வெள்ளைக்காரன் போட்ட சிறைகள் சட்டத்துலயே இது இருக்கு. 42-வது பிரிவு, தடை செய்த பொருளை உள்ளே கொண்டு போறவருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்னு சொல்லுது. தெரிஞ்சே அதை அனுமதிக்கிற சிறை அதிகாரிக்கும் அதே தண்டனை. 9-வது பிரிவு இன்னும் நேரடி: எந்த அதிகாரியும் கைதிகிட்ட எதையும் விற்கக் கூடாது, பணப் புழக்கம் வெச்சுக்கக் கூடாது. யாரும் செய்யாத ஒண்ணுக்கு எவனும் சட்டம் போட மாட்டான், இல்லையா?

அதே 1894-ல இன்னொரு விஷயமும் நடந்தது. அப்போ வெளியே கஞ்சா லைசென்ஸ் கடையில கிடைச்சது. அதனால என்ன கேடுன்னு பார்க்க அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டிருந்தது: இந்திய கஞ்சா விசாரணைக் கமிஷன், 1893-94. அவங்க கையில் எடுத்தது மனநலக் காப்பகங்களோட ரிஜிஸ்டரை. 1892-ல சேர்ந்தவங்கள்ல 222 பேருக்குக் காரணம் கஞ்சான்னு எழுதியிருந்தது. ஒவ்வொரு கேஸா பின்னாடி போய் விசாரிச்சாங்க. பாதிக்கும் மேல நிக்கல. ஆளைக் கொண்டு வந்து விட்ட போலீஸ்காரருக்குக் காரணம் தெரியாது, ஆனா அந்தக் கட்டத்துல ஏதாவது எழுதியாகணும். கஞ்சான்னு எழுதிடுவாங்க. கோடு எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும்: கட்டாயம் நிரப்ப வேண்டிய ஃபீல்டுல டிஃபால்ட் வேல்யூ.

எனக்கு இந்தக் கமிஷன்கிட்ட பிடிச்சது இதுதான். ரிஜிஸ்டரை அப்படியே நம்பாம, அதை எழுதினவங்களுக்கு வெளியே போய்ச் சரிபார்த்தாங்க.

நம்ம சிறைக்குள்ள ஒரு கஞ்சாப் பொட்டலம் பிடிபட்டா, முதல்ல எழுதுறது யாரு? கேட்ல நின்னவங்களோட துறைதான். துறைக்குள்ள விஜிலென்ஸ் பிரிவு இருக்கு, திடீர் சோதனையும் நடக்குது, வார்டர்கள் சஸ்பெண்டும் ஆகுறாங்க. ஆனா சர்வர் அட்மினே தன்னோட லாகை எழுதுறார்னா, அந்த லாகை வெச்சு அவரை ஆடிட் பண்றது கஷ்டம்.

மதுரைச் சிறையிலயே பாருங்க. 2024 டிசம்பர்ல ஒரு வழக்குப் பதிவாச்சு. அது கஞ்சா கேஸ் இல்ல. ஆனா அதே ரிஜிஸ்டர் பிரச்சினை. கைதிகள் தயாரிக்கிற ஸ்டேஷனரி, மருத்துவமனைப் பொருட்கள் கணக்குல முறைகேடு, அரசுக்கு 1.63 கோடி இழப்புன்னு குற்றச்சாட்டு. சொல்லப்படுற காலம் 2019 முதல் 2021 வரை. முன்னாள் கண்காணிப்பாளர் உட்பட 11 பேர் மேல வழக்கு. போட்டது சிறைத்துறை இல்ல, லஞ்ச ஒழிப்புத் துறை. விவகாரம் அதுக்கு முன்னாடியே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போயிருந்தது.

அதே வருஷம் வேலூர். ஒரு ஆயுள் கைதியை உயர் அதிகாரி வீட்டு வேலைக்கு வெச்சு, அங்கே திருடிட்டார்னு சொல்லித் தனிச்சிறையில அடைச்சு அடிச்சாங்கன்னு புகார். கோர்ட் முதல்ல வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவரை நேர்ல போய் விசாரிக்கச் சொன்னது. அதுக்கப்புறம்தான் சிபிசிஐடி வழக்கு. இவ்வளவும் எந்த ரிஜிஸ்டர்ல இருந்தும் கிளம்பல. அந்தக் கைதியோட அம்மா சென்னை உயர் நீதிமன்றத்துல போட்ட ஒரு மனுவுல இருந்து கிளம்பினது.